விற்றால் உற்பத்தி, சமைத்தால் நுகர்வு

ஐக்கிய நாடுகள் அவையும் பன்னாட்டு ஆற்றல் முகமையும் ஆண்டுதோறும் உலக நாடுகளின் ஆற்றல் கணக்கை அட்டவணைகளாக வெளியிடுகின்றன. எண்ணெய்க்கு ஒரு நிரல், மின்சாரத்துக்கு ஒரு நிரல் என்று நீளும் அவற்றில் ‘வெப்பம்’ என்று தனியாக ஒரு நிரல் உண்டு. நிலக்கரி, மரம், வைக்கோல் போன்ற எரிபொருள்களைக் கொளுத்தி எந்த நாடு எவ்வளவு வெப்பம் உற்பத்தி செய்தது என்று அதில் பார்க்கலாம். சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் மிகப் பெரிய எண்கள் இருக்கும். போலந்து, டென்மார்க், சுவீடன், பின்லாந்து போன்ற சிறிய நாடுகளும் தங்கள் மக்கள்தொகைக்கு மீறிய எண்களோடு நிற்கும். இந்தியாவுக்கு நேரே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது.

இது வெப்ப நாடு, குளிர்காய வேண்டிய தேவை இல்லை, அதனால் எண் இல்லை என்று பூகோளப் பாடம் போலச் சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இந்தியக் குடும்பங்களில் 49 விழுக்காடு விறகில் சமைத்தன. பயிர்க்கழிவும் வறட்டியும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பதினாறு கோடி வீடுகளில் தினமும் இரண்டு வேளையாவது திட எரிபொருள் எரிந்து வெப்பம் உண்டானது. அரிசி வெந்தது, பருப்பு வெந்தது, குழந்தை குளிக்கத் தண்ணீர் சுட்டது. அட்டவணையின் ‘வெப்ப உற்பத்தி’யில் அது எதுவும் இல்லை.

காரணம் வரையறையில் இருக்கிறது. பிறருக்கு விற்கப்படும் வெப்பம்தான் உற்பத்திக் கணக்கில் வரும். ஒரு கொதிகலன் நிலையம் கரியை எரித்துச் சுடுநீரைக் குழாயில் அனுப்பி ஊராருக்கு விற்றால் அது வெப்ப உற்பத்தி. விற்காமல் தன் தேவைக்கே பயன்படுத்தினால், எரித்த பொருள் மட்டும் அந்தந்தத் துறையின் நுகர்வாக எழுதப்படும். வீட்டு அடுப்பு ‘குடும்பங்களின் நுகர்வு’ என்ற வரிசைக்குப் போய்விடும். கடத்தூரில் ஒரு பெண் மூன்று மைல் நடந்து சுள்ளி பொறுக்கி, வெட்டி, காயவைத்து, ஊதி ஊதி உண்டாக்கிய வெப்பத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நுகர்வு. அவள் எதையும் உண்டாக்கவில்லையாம், தீர்த்துவிட்டாளாம்.

இது ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு, நாடுகளை ஒப்பிட வசதிக்காகச் செய்தது, இதில் பெண்ணியத்துக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வசதி யாருக்கு என்பதுதான் கேள்வி. உற்பத்திக்கும் நுகர்வுக்கும் நடுவே கோடு போட உலகில் எத்தனையோ இடங்கள் இருந்தன. விற்பனை நடக்கும் இடத்தில் போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், இந்தப் பக்கம் யார் குனிந்து ஊதுகிறார்கள் என்று பார்த்தால், அது எவ்வளவு கச்சிதமாகப் பால்வேறுபாட்டின் மேலேயே விழுகிறது என்று தெரியும்.

விற்பனைப் பொருளான வெப்பம் எப்படி நடத்தப்படுகிறது என்று பாருங்கள். டென்மார்க்கில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1979இல் வெப்ப வழங்கலுக்கென்றே சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எந்த வழியில் வெப்பம் போக வேண்டும் என்று உள்ளாட்சிகள் திட்டமிட வேண்டும், அடக்க விலைக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்பது அங்கே நெடுநாள் கொள்கை. இன்று அந்த நாட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குழாயில் வெப்பம் வருகிறது. போலந்தின் நகரங்களுக்குக் குழாயில் வரும் வெப்பத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பது. 2022இல் உக்ரைன் போரால் கரி விலை ஏறியபோது, வீட்டில் கரி எரிக்கும் குடும்பங்களுக்குப் போலந்து அரசு 3000 சுவாட்டி உதவித்தொகை அறிவித்தது. சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே குளிர்கால வெப்பம் 1950களிலிருந்தே அரசின் பொறுப்பு. அது நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கரிப்புகை ஆற்றின் வடகரை மக்களின் ஆயுளில் ஐந்தரை ஆண்டைக் குறைத்திருக்கிறது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அந்த ஆய்வைச் செய்ய முடிந்ததே அரசு போட்ட கோடு ஒன்று வரைபடத்தில் இருந்ததால்தான். எவ்வளவு வெப்பம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டென்மார்க்கின் குழாய்களில் ஓடும் வெப்பத்தில் பெரும்பங்கு இப்போது கரியிலிருந்து வருவதில்லை. மரத்துண்டு, மர உருண்டை, வைக்கோல், குப்பை ஆகியவற்றை எரித்துத்தான் வருகிறது. அதாவது விறகு. அங்கே எரிந்தால் அதற்குப் பெயர் நவீன உயிர்ம ஆற்றல். இங்கே எரிந்தால் ‘திட உயிர்மத்தின் மரபுவழிப் பயன்பாடு’. மரபாம். எங்கள் அம்மாக்களுக்கு விறகின் மேல் ஏதோ பண்பாட்டுப் பற்று இருப்பதுபோல.

கடத்தூர்ப் பக்கத்து வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். இதை எந்த அட்டவணையும் சொல்லாது. தை, மாசியில் குச்சிக்கிழங்கு பிடுங்கிய பிறகு கொல்லையில் மரவள்ளிக் குச்சி குவிந்து கிடக்கும். விதைக்கரணைக்குப் போக மீதி அடுப்புக்கு. சட்டென்று பற்றி சட்டென்று அணையும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பருத்திமாரும் துவரைமாரும். கோடை முழுக்கத் தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி. புளி உலுக்கும் காலத்தில் புளியங்கிளை முறிந்து விழுந்தால் அது பொக்கிஷம், நின்று எரியும். ஏரிக்கரையிலும் ஓடையோரமும் சீமைக்கருவேலம் எப்போதும் உண்டு, முள்ளோடு. மழைக்காலம்தான் சோதனை. நனைந்த விறகு எரியாது, புகையும். அதனால் ஐப்பசிக்கு முன்பே அட்டாலியிலும் மாட்டுக்கொட்டகையின் ஓரத்திலும் அடுக்கி வைத்துவிட வேண்டும். வறட்டியை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே சேர்ப்பார்கள். எந்த விறகு சோற்றுக்கு, எது களி கிண்ட, எது பால் காய்ச்ச, எது வெந்நீர்த் தவலைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ராகிக் களிக்கு அனல் சீராக நிற்க வேண்டும், குச்சியில் கிண்டினால் அடி பிடிக்கும்.

இது எரிபொருள் மேலாண்மை. ஓர் அனல்மின் நிலையத்தில் இதைச் செய்ய எரிபொருள் பிரிவு என்று தனியாக ஆட்கள் இருப்பார்கள். கையிருப்பு எத்தனை நாளைக்கு, ஈரப்பதம் எவ்வளவு, மழைக்கு முன் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவர்களும் இதையேதான் பார்ப்பார்கள், சம்பளத்தோடு.

எண்களாகவும் பார்த்துவிடலாம், ஏனெனில் எண் இல்லாதது கண்ணில் படுவதில்லை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3500 முதல் 4000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர், கிலோவுக்கு 2500, 2700 என்ற அளவில்தான் வெப்பம். கிலோவுக்குக் கிலோ, எங்கள் ஊர்ப் பெண் தலையில் வருவது நெய்வேலியில் தோண்டி எடுப்பதைவிட நல்ல எரிபொருள். அதற்கு மத்திய அமைச்சகம் உண்டு, பொதுத்துறை நிறுவனம் உண்டு, பங்குச்சந்தையில் விலை உண்டு, அதற்கென்றே கட்டிய நகரியம் உண்டு. இதற்கு ஒரு சும்மாடு.

நெய்வேலியை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கிருந்து வீட்டடுப்புக்கென்றே ‘லெக்கோ’ என்ற கரிக்கட்டி வந்தது. பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்திச் சுட்டுப் புகை குறைத்த எரிபொருள். தமிழ்நாட்டு நகர்ப்புற வீடுகளில் வயதான பெண்களைக் கேட்டால் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும். அடுப்பு நாட்டின் எரிபொருள் திட்டத்துக்கு உட்பட்ட விஷயம்தான் என்று அரசு ஒரு காலத்தில் நினைத்ததற்கு அது சான்று. பிறகு சுரங்கம் முழுக்க மின்சாரத்துக்குப் போனது. எங்களுக்குப் பக்கத்தில், மேட்டூரில் 840 மெகாவாட் நிலையமும் அதன் பிறகு 600 மெகாவாட் அலகும் நிற்கின்றன. இத்தகைய நிலையங்களில் எரியும் கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மீதி குளிர்கோபுரத்திலும் புகைபோக்கியிலும் வானத்துக்குப் போகும். அந்த விரயத்துக்கும் பதிவேடு இருக்கிறது, பொறியாளர்கள் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்கு வைக்கிறார்கள். விரயமான வெப்பத்துக்குக் கிடைக்கும் மரியாதை சோறு வெந்த வெப்பத்துக்கு இல்லை.

‘பெண்கள்’ என்று நான் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதில் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. சொந்தக் கொல்லையும் தென்னையும் உள்ள வீட்டுப் பெண் விறகுக்காக வேலி தாண்டுவதில்லை. அவள் வீட்டு மட்டையை வெட்டி அடுக்குவதற்கே வேறொருத்தி வருவாள், கூலிக்குப் பதிலாகச் சில மட்டைகளை எடுத்துக்கொண்டு போவாள். நிலமில்லாத தலித் பெண்ணுக்கு ஏரிப் புறம்போக்கும் ஓடையோரமும்தான் விறகுக்கொல்லை. அந்தப் புறம்போக்குக் கருவேலத்தை அரசு ஏலம் விட்டால், எடுத்தவர் காவல் போடுவார். நேற்றுவரை விறகு பொறுக்கியவள் இன்று திருடி. சீமைக்கருவேலத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்று நீதிமன்றத்திலும் மேடையிலும் பேசுகிறார்கள். நிலத்தடி நீர், சூழல் என்று அதற்கு நியாயங்கள் உண்டு, மறுக்கவில்லை. அழித்த பிறகு அவள் எதை எரிப்பாள் என்று அந்தப் பேச்சில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய அடுப்பு எந்தக் கணக்கிலும் இல்லாதபோது எப்படிக் கேட்பார்கள்?

காடு என்றால் தருமபுரி மாவட்டத்துப் பெண்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சந்தனக்கட்டை தேடி நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அலுவலர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது சந்தனம், இது சுள்ளி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கட்டையை எண்ணத் தெரிந்த அரசுக்குக் கட்டையருகே நிற்கும் பெண் யாராகத் தெரிகிறாள் என்பதை அந்த மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் மறக்க முடியாது. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்பதற்குள் புதர்விறகையும் அடிக்கட்டையையும் சேர்த்திருக்கிறது. பழங்குடி மக்களுக்கும் காட்டை நம்பி வாழும் பிறருக்கும் அது உரிமை. சட்டத்தின் பெயரைக் கேட்டிராத பெண்கள் இன்றும் வனக்காவலரைக் கண்டால் சுமையை இறக்கிப் போட்டுவிட்டு நிற்கிறார்கள்.

இப்போது இந்திய அரசின் சொந்தக் கணக்கேடுகளுக்கு வருவோம். இதில் வேடிக்கை அதிகம். பன்னாட்டு தேசியக் கணக்கு முறை 1993லிருந்தே விறகு பொறுக்குவதையும் தண்ணீர் சுமப்பதையும் உற்பத்தி எல்லைக்குள் வைத்திருக்கிறது. ‘பெண்களை எண்ணினால்’ என்ற பொருளில் 1988இல் மரிலின் வேரிங் எழுதிய நூல் போன்றவை கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு வந்தது அது. ஆனால் பொறுக்கிய விறகில் சமைப்பது எல்லைக்கு வெளியே. காட்டிலிருந்து வாசல்படி வரை அவள் உற்பத்தியாளர், வாசல்படி தாண்டி அடுப்பங்கரைக்குள் நுழைந்தவுடன் அவள் யாருமில்லை. இந்தியா அந்த முதல் பாதியைப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை, விறகுக்குக் கொடுத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் வனவியல் என்ற தலைப்பின் கீழ் விறகின் மதிப்பை மதிப்பிட்டுச் சேர்க்கிறார்கள். அதே அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் பொறுக்கும் பெண்ணுக்குக் குறியீட்டெண் 93. வீட்டு வேலை மட்டும் செய்கிறவளுக்கு 92. இரண்டு எண்ணும் ‘உழைப்பாளர் படைக்கு வெளியே’ என்ற பட்டியலைச் சேர்ந்தவை. விறகு உள்நாட்டு உற்பத்திக்கு உள்ளே இருக்கிறது. விறகைக் கொண்டுவந்தவள் உழைப்புக்கு வெளியே இருக்கிறாள். கட்டு தானாக நடந்து வந்திருக்க வேண்டும்.

அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97. இதைவிட முக்கியமான எண் ஒன்று அதே அறிக்கையில் இருக்கிறது: அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்களே 26 விழுக்காடுதான், பெண்களில் 81. நெருப்பு ஆணுக்கு ஆகாத பொருள் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கரும்புப்பாலைக் காய்ச்சி வெல்லம் ஆக்கும் கொட்டகைகளில், பதம் பார்க்கும் ஆண் ஓர் ஆசான் போல மதிக்கப்படுகிறான், கூலியும் அதற்கேற்ப. அடுப்பு வாயில் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டிருப்பது பல கொட்டகைகளில் அவன் மனைவி. கோபாலபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அதே சக்கை கொதிகலனில் எரியும்போது அங்கே நிற்பவருக்குக் கொதிகலன் இயக்குநர் என்று பதவிப்பெயர், அதற்குச் சான்றிதழ் தேர்வு. பேருந்து நிலையத்தில் பாய்லரைப் பற்றவைக்கிறவர் டீ மாஸ்டர். சரக்கு விற்கப்படும் இடத்தில் நெருப்பு தொழில்.

‘அதுதான் எல்லாருக்கும் கேஸ் கொடுத்தாகிவிட்டதே’ என்ற பதில் இந்த இடத்தில் வரும். 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்புகள் வந்தன. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது, 2019க்குள் எட்டுக் கோடி இணைப்பு. இவற்றால் வந்த நன்மையை நான் குறைக்கவே மாட்டேன். வீட்டுக்குள் திட எரிபொருள் புகையால் இந்தியாவில் 2019இல் ஆறு லட்சம் பேர் இறந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்தப் புகையை ஒரு வேளை குறைத்தாலும் அது பெரிய விஷயம். ஆனால் திட்டம் அவளை எப்படிப் பார்த்தது? பயனாளியாக, அதாவது நுகர்வோராக. ஏற்கெனவே எரிபொருள் உண்டாக்கிக்கொண்டிருந்தவள் என்று பார்க்கவில்லை. அதனால்தான் சிலிண்டர் விலை ஏறியபோது என்ன நடக்கும் என்று யாரும் கவலைப்படவில்லை. டெல்லி விலை 2022 மேயில் ஆயிரத்தைத் தாண்டி, 2023 மார்ச்சில் 1100ஐயும் தாண்டியது. உஜ்வலா வீடுகள் 2022-23இல் வாங்கிய சிலிண்டர், ஆண்டுச் சராசரியில் நான்குகூட இல்லை.

நான்கு சிலிண்டரில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சமைக்க முடியாது. எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும், எட்டு வேண்டும். மீதி நான்கு? கணக்குப் போடுங்கள். மண்ணடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது, கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல். அப்படிப் பார்த்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று கொடுக்கும் சூட்டுக்கு ஏறக்குறைய 200 கிலோ விறகு வேண்டும். நான்கு சிலிண்டருக்கு 800 கிலோ. தலைச்சுமை ஒன்று 20, 25 கிலோ என்றால் முப்பத்தைந்து, நாற்பது சுமை. சந்தையில் விலை ஏறியதற்கும் வீட்டில் உலை கொதித்ததற்கும் நடுவே அந்த நாற்பது நடை இருக்கிறது. கணவனின் கூலி உயரவில்லை, அரசு மானியம் போதவில்லை, ஆனாலும் ராத்திரி சோறு ஆகிவிட்டது. எண்ணெய் நிறுவனத்தின் கணக்கிலும் அரசின் கணக்கிலும் பற்றாக்குறை தெரியாமல் போனதற்கு அவள் கழுத்தெலும்புதான் காரணம். 2024 மார்ச் 8 அன்று சிலிண்டருக்கு நூறு ரூபாய் குறைத்து அதை மகளிர் தினப் பரிசு என்றார்கள். தேர்தலும் பக்கத்தில் இருந்தது.

பெண்கள் ருசிக்காக விறகை விடமாட்டேன் என்கிறார்கள், பழக்கத்தை மாற்றுவது கடினம் என்று ஒரு வாதம் அதிகாரிகள் மத்தியில் பிரபலம். அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாட்டமாலா, பெரு, ருவாண்டாவிலும் 3200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பங்கெடுத்தது. அந்தப் பெண்களில் ஒரு பாதிக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வீடு தேடி வந்தன. அவர்கள் விறகை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டார்கள். ருசி அவர்களைத் தடுக்கவில்லை. (எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை என்பதையும் 2022இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கேஸ் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நானும் சொல்லவில்லை.) விறகைப் பிடித்துவைத்திருப்பது காசு.

நம் பக்கத்திலிருந்தே ஓர் ஆட்சேபம் வரும், அதைத் தள்ளிவிட முடியாது. அடுப்பைக் கணக்கில் ஏற்று, அவளை உற்பத்தியாளர் என்று அழை, கூலியும் கொடு என்றால் அவளை அடுப்போடு கட்டிப்போடுவதாகாதா? 1972இல் இத்தாலியில் தொடங்கிய ‘வீட்டு வேலைக்கு ஊதியம்’ இயக்கத்துக்கு ஏஞ்சலா டேவிஸ் எழுப்பிய மறுப்பும் இந்த வகைதான்: அந்த வேலையையே சமூகம் ஏற்று நடத்தட்டும், பெண்ணுக்குக் கூலி கொடுத்து அதிலேயே வைத்திருக்காதே. நான் டேவிஸ் பக்கம். ஆனால் எண்ணாத வேலையைச் சமூகம் ஏற்றுக்கொள்ளாது, அதற்கு அந்த வேலை இருப்பதே தெரியாது. டென்மார்க்கில் பொதுக் குழாய் வெப்பம் பெரும்பாலான வீடுகளுக்குப் பரவுவதற்கு முன்பே அது ஊராட்சியின் திட்டத்தாளில் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் ஒரு படி எடுத்துவைத்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24. செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டதில் பெண்ணியம் பேசியவர்களின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. தகுதி பார்த்தது எப்படி? வருமானம், நிலம், பிறகு மின்சாரம்: ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் எரியும் ஆற்றல்களில் மீட்டர் வைத்தது ஒன்றைத்தான் அரசால் பார்க்க முடிந்தது. உரிமை எதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்த வேலையை அளக்க அதனிடம் ஒரு கோலும் இல்லை.

விற்காத வெப்பத்துக்கு மதிப்பில்லை என்பவர்களிடம் கடைசியாக ஒரு கேள்வி. புகைக்கு மட்டும் எப்படி மதிப்பு வந்தது? வீட்டடுப்பு விறகில் வெளிவரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஒவ்வொரு நாட்டின் பசுங்குடில் வாயுக் கணக்கிலும் சேர்கின்றன. அதைவிட ஒரு படி மேலே, ஏழைப் பெண்களுக்கு மேம்படுத்திய அடுப்பைக் கொடுத்து, அவர்கள் எரிக்காமல் விட்ட விறகை டன் டன்னாகக் கணக்கிட்டுக் கார்பன் வரவாக நிறுவனங்கள் விற்கின்றன. இந்தியாவிலும் இத்தகைய திட்டங்கள் நடக்கின்றன. அந்த வரவுகள் உண்மையைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஊதப்பட்டவை என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 தொடக்கத்தில் காட்டினார்கள். அவள் எரித்தது பொருளல்ல, எரிக்காதது பொருள். எரிக்காததை விற்ற பணத்தில் அவளுக்கு எத்தனை ரூபாய் வந்தது என்று அந்த அடுப்பு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுப் பட்டியலுக்கு வருகிறவர் சமையலின் முதன்மை எரிபொருள் எது என்று கேட்பார். மூலையில் சிலிண்டர் இருக்கும், நாம் ‘கேஸ்’ என்போம், அவர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார். இணைப்பு இருக்கும்போது விறகு என்று சொல்லக் கூச்சமாகவும் இருக்கும். வெளியில் மூன்று கல் வைத்துத் தவலையில் தண்ணீர் சுடும், மாட்டுக்குத் தீவனம் வேகும், விருந்தாள் வந்தால் பெரிய அடுப்பு எரியும், மாதக் கடைசியில் எல்லாமே அதில்தான். அவற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை. சட்டமன்றத்தில் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மாநிலத் திட்டக்குழு இருக்கிறது, புள்ளியியல் துறை இருக்கிறது. இந்த மாநிலம் தன் செலவிலேயே மூன்று கேள்வியை வீடுதோறும் கேட்க முடியும்: இரண்டாவது எரிபொருள் எது, குளிக்கும் தண்ணீர் எதில் சுடுகிறது, விறகைக் கொண்டுவருவது யார், வாரத்தில் எத்தனை மணி நேரம். கல்லூரியில் புள்ளியியலும் பொருளியலும் சமூகப்பணியும் படிக்கும் பெண்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஐம்பது வீடு இருக்கும், ஒரு தராசு வேண்டும். ஒரு வாரம் விறகுக்கட்டை நிறுத்துப் பாருங்கள், யார் தலையிலிருந்து இறங்கியது என்று பெயரோடு எழுதுங்கள், அதை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் வாசியுங்கள்.